சொந்த டொமைனிலிருந்து போகும் மெயில் ஸ்பாமில் விழாமலிருக்க

எல்லயில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர், ஹட்டனில் ரியூஷன் வகுப்பு வைத்திருப்பவர், பண்டாரவளையிலிருந்து தேயிலைப் பொட்டலங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்னக் கடைக்காரர் என்று மலையகத்தில் இப்போது பலர் சொந்தமாக ஒரு டொமைன் (இணையத்தில் தங்களுக்கென்று ஒரு பெயர்) வாங்கி, அதிலேயே மின்னஞ்சல் முகவரியும் வைத்திருக்கிறார்கள். முகவரி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்பதிவை உறுதி செய்து மெயில் போட்டால், 'ஒன்றும் வரவில்லையே' என்று விருந்தினர் வாட்ஸ்அப்பில் கேட்பார். தேடச் சொன்னால் அது ஸ்பாம் கோப்புறையில் கிடக்கும்.

இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. வெறும் ஜிமெயில் முகவரியை மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் வேலை எதுவும் இல்லை. அதைக் கூகுளே பார்த்துக்கொள்கிறது.

மின்னஞ்சல் இன்றும் ஓடுவது 1982இல் எழுதப்பட்ட ஒரு விதிமுறையின் மேல்தான். அனுப்புநர் இடத்தில் யார் எந்தப் பெயரைப் போட்டாலும் அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அந்த ஓட்டையை அடைக்கப் பிற்பாடு வந்தவைதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றும். கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த லொறி எங்கள் சரக்கை ஏற்றலாம் என்று தோட்டம் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் பட்டியல் எஸ்பிஎஃப். மூட்டையின் மேல் விழும் தோட்டத்து முத்திரை டிகிம். பட்டியலிலும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் சரக்கை என்ன செய்வது என்று தோட்டம் சொல்லி வைக்கும் உத்தரவு டிமார்க்.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மூன்றும் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற சின்ன ஆட்களிடம் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும். பெருமளவில் அனுப்புகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதத்தில் இதே வழிக்கு வந்தது. சின்ன ஆளாக இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. செலவு ஒன்றும் இல்லை. வேலையும் பெரும்பாலும் பார்த்து ஒட்டுவதுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. டொமைனின் சாவி யார் கையில், உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறவை எவை, இந்த இரண்டும் தெரியாமல் தொடங்குகிறவர்கள்தான் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் இப்போதைய நிலையைப் பாருங்கள்

உங்கள் டொமைன் முகவரியிலிருந்து யாராவது ஒருவரின் ஜிமெயிலுக்கு ஒரு சாதாரண மெயில் அனுப்புங்கள். அதைக் கணினியில், பிரவுசரில் திறக்க வேண்டும்; ஃபோனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பில் இந்த வசதி இல்லை. மெயிலின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற வரிகளுக்கு எதிரே 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று இருக்கும். ஒரு வரியே இல்லாமல் இருந்தால், அது உங்களிடம் இன்னும் அமைக்கப்படவில்லை என்று பொருள். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

சாவி யாரிடம் இருக்கிறது

இந்த மூன்றும் உட்காரும் இடம் டிஎன்எஸ். உங்கள் டொமைனுக்கு இணையத்தளம் எங்கே, மெயில் எங்கே என்று உலகத்துக்குச் சொல்லும் பட்டியல் அது. அதில் புதிய வரி சேர்க்கும் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது.

நம் பக்கம் இதுதான் பெரிய முட்டுக்கட்டை. இணையத்தளம் செய்து கொடுத்தவர் டொமைனையும் தன் கணக்கிலேயே வாங்கியிருப்பார். அவர் இப்போது கொழும்பிலோ டுபாயிலோ இருப்பார். வருடா வருடம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், கடவுச்சொல் உங்களிடம் இருக்காது. டாட் எல்கே பெயராக இருந்தால் அதன் பதிவைப் பார்ப்பது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. டாட் காம் என்றால் வெளிநாட்டுப் பதிவாளர் ஒருவர். ஆனால் டொமைனைப் பதிவு செய்த இடமும் டிஎன்எஸ் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. டொமைன் ஓரிடத்தில் இருக்கும். டிஎன்எஸ், இணையத்தளக் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திலோ கிளவுட்ஃப்ளேர் போன்ற டிஎன்எஸ் சேவையிலோ இருக்கும். 

எங்கே என்று அறிய, கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் உள்ள 'டிக்' என்ற இலவசப் பக்கத்துக்குப் போய் டொமைன் பெயரைக் கொடுத்து என்எஸ் வகையைப் பாருங்கள். வரும் நேம்சேர்வர் (டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சேர்வர்) பெயர்களைப் பார்த்தாலே எந்த நிறுவனம் என்று ஓரளவு புரிந்துவிடும். அங்கே நுழையத்தான் உங்களுக்குக் கடவுச்சொல் வேண்டும்.

டிசைனரிடம் கேட்கும்போது, 'ஸ்பாம் பிரச்சினையைச் சரி செய்து கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'டிஎன்எஸ் பட்டியலில் டிஎக்ஸ்டி பதிவு (வெறும் எழுத்தாலான வரி) சேர்க்க எனக்கு அனுமதி வேண்டும். டொமைனும் என் மின்னஞ்சல் பெயருக்கு மாற வேண்டும்' என்று தெளிவாகக் கேளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். என்றாலும் கடையின் பெயர்ப்பலகை கடைக்காரர் கையில் இருப்பதுதான் முறை.

யார் யார் அனுப்புகிறார்கள்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். உங்கள் டொமைன் முகவரியை அனுப்புநராகப் போட்டு மெயில் அனுப்புகிற எல்லாமே அதில் வர வேண்டும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மெயில் சேவை ஒன்று: கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சோஹோ, அல்லது ஹோஸ்டிங்கோடு வந்த மெயில். அப்புறம் இணையத்தளத்தில் உள்ள தொடர்புப் படிவம். பண்டிகைக்கு வாழ்த்தும் விலைப்பட்டியலும் அனுப்பும் மெயில்சிம்ப் போன்ற சேவை. கணக்காளர் பயன்படுத்தும் பில் மென்பொருள். அறை முன்பதிவு மென்பொருள் ஏதாவது.

புக்கிங் டாட் காம் போன்ற தளங்கள் விருந்தினருக்கு அனுப்பும் மெயில் அவர்களுடைய டொமைனிலிருந்தே போகும், அதைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.

இரண்டு இடங்களை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஒன்று, இலவச ஜிமெயிலில் 'சென்ட் மெயில் ஆஸ்' வழியாக டொமைன் முகவரியைச் சேர்த்து அனுப்பும் பழக்கம். அங்கே ஜிமெயிலின் சேர்வரையே கொடுத்திருந்தால், மெயிலில் விழும் முத்திரை ஜிமெயிலுடையதாக இருக்கும், உங்களுடையதாக இருக்காது. டிமார்க் அதை ஏற்காது. அந்த அமைப்பில் உங்கள் ஹோஸ்டிங்கின் எஸ்எம்டிபி சேர்வரை (மெயிலை வெளியே அனுப்பும் சேர்வர்) கொடுக்க வேண்டும், அல்லது முறையான மெயில் சேவைக்கு மாற வேண்டும்.

இரண்டாவது, தொடர்புப் படிவம். வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில், படிவத்தை நிரப்புகிறவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டுவிடுவார்கள். அவர் யாஹூ முகவரி கொடுத்தால், யாஹூவின் பெயரில் உங்கள் சேர்வர் மெயில் அனுப்புகிறது என்றாகிவிடும். யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் பெயரில் வரும் இப்படிப்பட்ட மெயிலை நிராகரிக்கச் சொல்லிவிட்டது. எனவே படிவத்தின் அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாகவே இருக்கட்டும். நிரப்பியவரின் முகவரியை 'ரிப்ளை டூ' இடத்தில் போடுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் எஸ்எம்டிபி பிளகின் (கூடுதல் வசதி) ஒன்றைச் சேர்த்து, படிவத்தின் மெயிலையும் உங்கள் மெயில் சேவை வழியாகவே அனுப்பிவிட்டால் பட்டியலில் ஒரு வரி குறையும்.

எஸ்பிஎஃப்

டிஎன்எஸ் பக்கத்தில் டிஎக்ஸ்டி வகையில் ஒரு பதிவு. பெயர் இடத்தில் @ குறி, அல்லது டொமைன் பெயர். மதிப்பு இடத்தில் ஒரே வரி. கூகுள் வொர்க்ஸ்பேஸ் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அது இப்படி ஒலிக்கும்: 'வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம் ~ஆல்'. படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். பெட்டியில் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் போட வேண்டும், அதையும் சேவையின் உதவிப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதே நல்லது.

வரியின் தொடக்கம் இது என்ன வகைப் பதிவு என்று சொல்கிறது. 'இன்க்ளூட்' என்றால் இந்தச் சேவையின் சேர்வர்கள் எல்லாம் எனக்காக அனுப்பலாம் என்பது. ஹோஸ்டிங் சேர்வரும் நேரடியாக அனுப்பினால் அதன் ஐபி எண்ணை 'ஐபி4:' என்று சேர்க்க வேண்டும். கடைசியில் வரும் '~ஆல்' என்பதற்கு, மற்றவர்கள் அனுப்பினால் சந்தேகப்படு என்று பொருள். '-ஆல்' என்றால் முழு மறுப்பு. புதியவர்கள் முதலாவதில் நிற்கட்டும். '+ஆல்' என்று எங்காவது கண்டால் உடனே எடுத்துவிடுங்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இது அடிக்கடி நடக்கிறது: ஹோஸ்டிங் வாங்கியபோது அதை நிர்வகிக்கும் சிபேனல் என்ற மென்பொருள் தானாக ஒன்றைப் போட்டிருக்கும், பிறகு கூகுளுக்கு மாறும்போது அவர்கள் சொன்னதை இரண்டாவதாக ஒட்டியிருப்பார்கள். இரண்டையும் ஒரே வரியாக இணையுங்கள். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, நடுவில் தேவையான இன்க்ளூட்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த வரியைப் படிக்கிற சேர்வர் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல் செய்யாது. ஒரு இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்களும் கணக்கில் சேரும். எப்போதோ பயன்படுத்தி விட்டுவிட்ட சேவைகளை வரியில் வைத்திருக்காதீர்கள்.

டிகிம்

இதை நீங்கள் எழுத முடியாது. மெயில் சேவைதான் ஒரு சோடிச் சாவி உருவாக்கும். ஒன்று அவர்களிடம் ரகசியமாக இருக்கும், மற்றதை உங்கள் டிஎன்எஸ்ஸில் பகிரங்கமாக வைக்கத் தருவார்கள். போகும் ஒவ்வொரு மெயிலிலும் ரகசியச் சாவியால் முத்திரை விழும். பெறுகிறவர் பகிரங்கச் சாவியை எடுத்து, முத்திரை சரியா, வழியில் யாராவது உள்ளடக்கத்தை மாற்றினார்களா என்று பார்ப்பார்.

கூகுள் வொர்க்ஸ்பேஸில் அட்மின் பக்கத்துக்குப் போய் ஆப்ஸ், வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில் என்று இறங்கினால் 'ஆதென்டிகேட் ஈமெயில்' இருக்கும். 2048 பிட் சாவியைத் தெரிவு செய்து உருவாக்குங்கள். புதிதாகத் தொடங்கிய கணக்கென்றால் இந்த வசதி திறக்க ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். கிடைக்கும் பெயரையும் நீண்ட மதிப்பையும் டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்த்துவிட்டு, திரும்பி வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பொத்தானை அழுத்த வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, சாவியை வைத்தும் முத்திரை விழவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் 365 இரண்டு சிநேம் பதிவுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் வரிகள்) கேட்கும். சோஹோவில் டொமைன் பகுதிக்குள் டிகிம் உண்டு. சிபேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கமே எஸ்பிஎஃப்பையும் டிகிம்மையும் சேர்த்துக் காட்டும், டிஎன்எஸ்ஸும் அங்கேயே இருந்தால் 'ரிப்பேர்' அழுத்தினால் போதும்.

தகராறு வரும் இடங்கள் இரண்டு. சில பேனல்கள் பெயர் இடத்தில் நீங்கள் எழுதுவதன் பின்னால் டொமைனைத் தாமாகவே சேர்க்கும். நீங்களும் முழுப் பெயரை எழுதினால் டொமைன் இரண்டு தடவை வந்து, யாருக்கும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் சாவி உட்கார்ந்துவிடும். சேமித்த பிறகு பட்டியலில் பெயர் எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஃபோனிலிருந்து ஒட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் இரண்டு அடிக்கோட்டுக் குறிக்கு நடுவில் வருவது சாய்வெழுத்தாகிவிடும், வரி உடையும், இடைவெளி புகும். நானூறு எழுத்தளவு நீளமான சாவியில் ஒரு எழுத்துப் பிசகினாலும் முத்திரை செல்லாது. டெக்ஸ்ட் கோப்பாக மெயிலில் அனுப்புங்கள்.

மெயில்சிம்ப் போன்ற சேவைக்கு டிகிம் கட்டாயம் வேண்டும். காரணம், எஸ்பிஎஃப் பார்ப்பது விருந்தினர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியை அல்ல. திரும்பி வரும் மெயிலுக்கென்று உறைக்குப் பின்னால் இருக்கும் முகவரியை அது பார்க்கிறது. அங்கே அந்தச் சேவையின் டொமைன்தான் இருக்கும். எஸ்பிஎஃப் பாஸ் ஆனாலும் அது அவர்கள் பெயருக்கான பாஸ். அவர்கள் தரும் சிநேம் பதிவுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் சேர்த்தால்தான் உங்கள் பெயரில் முத்திரை விழும்.

டிமார்க்

எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்று பாஸ் ஆக வேண்டும். அப்படிப் பாஸ் ஆன டொமைன் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்தவும் வேண்டும். டிமார்க் கேட்பது இவ்வளவுதான்.

பெயர் இடத்தில் '_டிமார்க்' (முன்னால் அடிக்கோடு முக்கியம்), வகை டிஎக்ஸ்டி. மதிப்பு 'வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யுஏ=மெயில்டூ:' என்று தொடங்கி, உங்கள் பெயரில் வந்த மெயில் பற்றிப் பெறும் சேவைகள் அனுப்பும் அறிக்கை வர வேண்டிய முகவரியோடு முடியும். இதில் 'டிமார்க்1' என்பதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட வேண்டும். 'நன்' என்றால் எதையும் தடுக்காதே, நடப்பதை எனக்கு அறிவி என்பது. இங்கிருந்துதான் எல்லோரும் தொடங்க வேண்டும்.

அறிக்கை முகவரியாக உங்கள் ஜிமெயிலைக் கொடுக்காதீர்கள். வேறொரு டொமைனுக்கு அறிக்கை போவதென்றால் அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும் என்பது விதி. ஜிமெயில் உங்களுக்காக அப்படிச் செய்யாது. அறிக்கை வராமலே போகும். உங்கள் டொமைனிலேயே ஒரு தனிப்பெட்டி திறந்து அந்த முகவரியைக் கொடுங்கள். வரும் அறிக்கைகள் சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்புகள், வெறும் கண்ணால் படிக்கச் சகிக்காது. டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேரில் இருந்தால் அங்கேயே இலவசமாக டிமார்க் அறிக்கைப் பகுதி உண்டு. மற்றவர்களுக்கு இணையத்தில் இலவச அறிக்கை வாசிப்புச் சேவைகள் கிடைக்கும்.

சில வாரங்கள் பாருங்கள். மாத முடிவில் பில் போகும் நாட்களும் அதற்குள் அடங்க வேண்டும். கணக்காளரின் மென்பொருள் அப்போதுதான் வெளியே வரும். தாளில் எழுதிய பட்டியலில் இல்லாத சேவை ஒன்று அறிக்கையில் தென்பட்டால், அது மறந்துபோன உங்கள் ஆளா, உங்கள் பெயரைத் திருடுகிறவனா என்று பிரித்தறியுங்கள். உங்கள் ஆட்கள் எல்லோரும் பாஸ் ஆன பிறகு 'நன்' என்பதைக் 'குவாரண்டைன்' ஆக மாற்றுங்கள், பொருந்தாத மெயில் ஸ்பாமுக்குப் போகும். அதன் பிறகு 'ரிஜெக்ட்', அப்போது அது பெட்டிக்கே வராது.

நேரம் பார்த்து மாற்றுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் தொடங்கப் போகிற வாரத்தில் 'ரிஜெக்ட்' போடுவது வேண்டாத வேலை. மழைக்காலத்தில், அறைகள் காலியாக இருக்கும் வாரமே இதற்கு ஏற்றது. ஏதாவது நின்றுபோனாலும் நட்டம் குறைவு.

'நன்' நிலையிலேயே நின்றுவிடலாமா என்று கேட்பார்கள். ஸ்பாம் பிரச்சினைக்கு மட்டும் என்றால் நிற்கலாம். ஆனால் விருந்தினர்களிடம் முற்பணம் வாங்குகிறவர் நிற்கக் கூடாது. உங்கள் முகவரியிலிருந்தே வருவது போல, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்' என்று ஒரு போலி மெயில் போனால் அதைத் தடுப்பது 'ரிஜெக்ட்' மட்டுமே. அதுவும் உங்கள் டொமைனை அப்படியே போடுகிறவனைத்தான் தடுக்கும். ஒரு எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கி ஏமாற்றுகிறவனை டிமார்க் பிடிக்காது.

எல்லாம் பாஸ், இன்னும் ஸ்பாம்

மூன்றும் பாஸ் என்பது நீங்கள் நீங்கள்தான் என்பதற்குச் சான்று. நல்லவர் என்பதற்குச் சான்று இல்லை. அதன் பிறகும் ஸ்பாமுக்குப் போனால் பார்க்க வேண்டியவை வேறு. மலிவு ஹோஸ்டிங்கில் உங்கள் சேர்வர் எண்ணை நூறு பேர் பகிர்ந்திருப்பார்கள்; அவர்களில் ஒருவர் குப்பை மெயில் அனுப்பினால் கெட்ட பெயர் எல்லோருக்கும். அப்படி இருந்தால் மெயிலை மட்டும் தனிச் சேவைக்கு மாற்றுவதே வழி. டொமைன் புதிதென்றால் முதல் வாரமே முந்நூறு பேருக்கு அனுப்பாதீர்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் பதில் வாங்கி மெல்லக் கூட்டுங்கள். பழைய முன்பதிவுப் புத்தகத்திலிருந்து முகவரி பொறுக்கி விளம்பரம் அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். பெறுகிறவர்கள் ஸ்பாம் என்று அழுத்தும் வீதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது கூகுளின் கணக்கு. இருநூறு பேருக்கு அனுப்பினால் ஒருவர் அழுத்தினாலே அதைத் தாண்டிவிடும்.

அறை விலையையும் படங்களையும் ஒரே பெரிய படமாக்கி, எழுத்தே இல்லாமல் அனுப்புவதும் நல்லதில்லை. நாலு வரி எழுத்து, உங்கள் பெயர், தொலைபேசி எண், ஊர் என்று இருக்கட்டும்.

ஹோஸ்டிங் நிறுவனம் மாறுகிற அன்று டிஎன்எஸ் பட்டியலும் சேர்ந்து மாறினால், இந்தப் பதிவுகள் காணாமல் போகும். மாறும் முன் மூன்றையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். மாறிய மறுநாள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போட்டு 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். டிகிம் சாவி மெயில் சேவையோடு சேர்ந்தது என்பதால், மெயிலும் மாறியிருந்தால் பழைய சாவி உதவாது, புதியதை உருவாக்கிப் போட வேண்டும்.